கண்ணுல பிரச்சனையா? மொதல்ல ஒரு கண்ணை மூடிப் பாருங்க

14 வருஷமா ஆப்டோமெட்ரிஸ்ட்டா வேலை பாக்குறேன். இருட்டு ரூம்ல உக்கார வெச்சு "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்களே, அந்த ஆளு. டாக்டர் இல்ல, அதனால இந்த மருந்தை வாங்கிப் போடுங்கன்னு ஒரு வரி கூட இதுல இருக்காது. ஆனா ஒருத்தர் வந்து உக்காந்து என்ன கம்ப்ளைன்ட் சொல்றாருங்கறத வெச்சே இது இன்னைக்கே ஓட வேண்டிய கேஸா, நாளைக்குப் போனா போதுமா, வெறும் கண்ணாடி விஷயந்தானான்னு பாதி புரிஞ்சிடும், அதை வீட்டுலயே எப்படிப் பிரிச்சுப் பாக்குறதுன்னுதான் எழுதுறேன்.

எந்தப் பிரச்சனைன்னாலும் மொதல்ல பண்ண வேண்டியது

சுவத்துல தொங்குற தினசரி காலண்டர் போதும். 10 அடி தள்ளி நின்னுக்கோங்க, தூரத்துக்குக் கண்ணாடி போடுற ஆளுன்னா அதைப் போட்டுக்கிட்டே, உள்ளங்கையைக் குழிச்சு ஒரு கண்ணை மூடுங்க. விரலால அழுத்தாதீங்க, அழுத்துனா அந்தக் கண்ணு கொஞ்ச நேரம் மங்கலாத்தான் தெரியும், அடுத்து அதைப் பாக்குறப்ப தப்பா காட்டும். பெரிய தேதி எல்லாருக்கும் தெரியும், கீழ ராகுகாலம் எமகண்டம்னு சின்னதா போட்டிருக்குமே அதுல எது வரைக்கும் படிக்க முடியுதுன்னு பாத்துட்டு கண்ணை மாத்துங்க. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்.

ஒரு கண்ணு குறைவா இருந்துச்சுன்னா ஒரு கெட்டி அட்டையில (பழைய விசிட்டிங் கார்டு போதும்) ஊக்கால 1 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டு அது வழியா அதே எழுத்தைப் பாருங்க. ஓட்டை வழியா பளிச்சுன்னு தெரிஞ்சா பெரும்பாலும் ஃபோகஸ் பிரச்சனை, கண்ணாடி போட்டா சரியாகலாம். ஓட்டை வழியா பாத்தும் மங்கலாவே இருக்கு, இல்ல இன்னும் மோசமாகுதுன்னா புரையோ விழித்திரையோ நரம்போ, அதைக் கண்ணாடி மாத்தி சரி பண்ண முடியாது. காரணம் ரொம்ப சிம்பிள். வெளிச்சம் முன்னாடி இருக்குற கருவிழி வழியா உள்ள வருது, கண்ணோட மொத்த ஃபோகஸ்ல மூணுல ரெண்டு பங்கு அங்கயே முடிஞ்சிருது, மிச்சத்தை உள்ள இருக்குற லென்ஸ் பண்ணி பின்னாடி விழித்திரையில விழ வைக்குது. முன்னாடிக்கும் பின்னாடிக்கும் நடுவுல சுமார் 24 மில்லிமீட்டர்தான், இதுல 1 மில்லிமீட்டர் நீளம் கூடுனாலே கிட்டத்தட்ட மைனஸ் 3 பவர் வந்துரும். சின்ன ஓட்டை வழியா நேரா வர்ற கதிர் மட்டும் உள்ள போறதால ஃபோகஸ் தப்பு மறைஞ்சிடுது, ஆனா விழித்திரையே சரியில்லன்னா எந்தக் கதிர் வந்தும் பிரயோஜனம் இல்ல.

இந்த மூடிப் பாக்குற விஷயத்துல நான் ஏன் இவ்ளோ பிடிவாதமா இருக்கேன்னா, எங்கப்பாவுக்கு வலது கண்ணு போனதே அவருக்குத் தெரியாது. ஷேவ் பண்றப்ப சோப்பு நுரை இடது கண்ணுல பட்டு அதை இறுக்கி மூடிக்கிட்டார், எதிர்ல இருந்த கண்ணாடியில முகத்தைக் காணோம். அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, கண் நீர் அழுத்த நோய், கிளாக்கோமா. ஓரத்துல இருந்து பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமா தின்னுக்கிட்டே வரும், வலி கிடையாது, சிவப்பு கிடையாது, நல்ல கண்ணு அந்தக் குறையை மறைச்சுக்கிட்டே இருக்கும். அதுக்கு முந்தின 3 வருஷத்துல ரெண்டு தடவை கண்ணாடி மாத்தியிருந்தார், நடுப்பார்வை கடைசி வரைக்கும் இருக்கும்ங்கறதால சார்ட்டுல எழுத்தெல்லாம் படிச்சிருக்கார், ரெண்டு இடத்துலயும் கண்ணுக்குள்ள இருக்குற பிரஷரும் பாக்கல, உள்ள பார்வை நரம்பையும் பாக்கல. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறல. கிளாக்கோமாவுல போன பார்வை திரும்ப வராது, மிச்சத்தைத்தான் காப்பாத்த முடியும். சாதாரண பிரஷர் 10ல இருந்து 21க்குள்ளன்னு சொல்லுவாங்க, ஆனா 16 இருந்தும் நரம்பு தேயுற ஆளுங்க இருக்காங்க, அதனால பிரஷர் நார்மல்னு சொன்னாலும் "நரம்பைப் பாத்தீங்களா"ன்னு கேளுங்க. அப்பா, அம்மா, கூடப்பொறந்தவங்க யாருக்காவது இருந்துச்சுன்னா 40 தாண்டினதும் வருஷா வருஷம் பாத்தே ஆகணும்.

கண்ணு சிவந்திருக்கு

மூணு கேள்வி கேளுங்க. வலிக்குதா, வெளிச்சம் பாத்தா கூசுதா, மூடிப் பாத்தா பார்வை குறைஞ்சிருக்கா. மூணுக்கும் இல்லன்னா மூச்சு விடுங்க, ஒண்ணுக்கு ஆமான்னாலும் டாக்டர்கிட்ட போங்க.

வெள்ளை முழியில ஒரு பக்கம் மட்டும் ரத்தம் கொட்டுன மாதிரி திட்டா சிவப்பு, வலி இல்ல, பார்வை நல்லா இருக்குன்னா அது மேல்தோலுக்கு அடியில ஒரு பொடி ரத்தக்குழாய் உடைஞ்சதுதான், இருமுனா தும்முனா கூட வரும், பாக்கத்தான் பயங்கரம், ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா கரைஞ்சிடும். பிபி மட்டும் ஒருக்கா செக் பண்ணிக்கோங்க, அடிக்கடி வந்தா கட்டாயம் காட்டுங்க.

காலைல எந்திரிச்சா இமை ஒட்டிக்கிட்டு, தண்ணியா வடிஞ்சு, ஒரு கண்ணுல ஆரம்பிச்சு ரெண்டு நாள்ல அடுத்த கண்ணுக்கும் போச்சுன்னா "மெட்ராஸ் ஐ"யா இருக்கும். பெரும்பாலும் வைரஸ், அதனால பாக்டீரியாவைக் கொல்ற ஆன்டிபயாட்டிக் சொட்டு அந்த வைரஸை ஒண்ணும் பண்ணாது, ஒண்ணு ரெண்டு வாரத்துல உடம்பே சரி பண்ணிக்கும். நேருக்கு நேர் பாத்தாலே ஒட்டிக்கும்னு கூலிங் கிளாஸ் போட்டுக்கிறது வெளிச்சக் கூச்சத்துக்குத்தான் உதவும், பரவுறதைத் தடுக்காது, பரவுறது கை, துண்டு, தலையணை உறை, வீட்டுல எல்லாரும் ஒரே சொட்டு பாட்டிலைப் போட்டுக்கிறது, இதுலதான். ஆனா கூச்சம் அதிகமாகி பார்வை மங்குனா வைரஸ் கருவிழிக்குப் போயிருக்கலாம், அப்ப காட்டணும்.

ரெண்டு கண்ணும் அரிக்குது, தேய்ச்சுக்கிட்டே இருக்கான், வெயில் காலம் வந்தா ஜாஸ்தின்னு பசங்களைக் கூட்டிட்டு வர்றவங்க நிறைய. அலர்ஜி. இதுல ஒரு விஷயத்தைக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன், எப்பவோ டாக்டர் ஒரு வாரத்துக்கு எழுதிக் குடுத்த சொட்டு நல்லா கேட்டுச்சுன்னு அதே சீட்டைக் காட்டி மெடிக்கல்ல மாசக்கணக்குல வாங்கிப் போடாதீங்க. அது ஸ்டீராய்டா இருந்தா உடனே சிவப்பு குறையும், பையன் சந்தோஷமா இருப்பான், உள்ள பிரஷர் ஏறும், புரை வரும். 12 வயசுப் பையனுக்கு ஸ்டீராய்டு சொட்டால கிளாக்கோமா முத்திப் போய் நரம்பு வெளுத்துப் போனதை நான் பாத்திருக்கேன், அவங்கம்மா அந்த பாட்டிலை பர்ஸுல பத்திரமா வெச்சிருந்தாங்க. தேய்க்கிறதையும் நிறுத்தணும், வருஷக்கணக்குல தேய்ச்சுக்கிட்டே இருந்தா கருவிழி மெலிஞ்சு கூம்பு மாதிரி முன்னாடி தள்ள வாய்ப்பு இருக்கு.

இப்ப ரொம்ப முக்கியமானது. வயல்ல நெல்லுத் தாளோ கரும்புத் தோகையோ கண்ணுல பட்டுச்சு, ரெண்டு மூணு நாள் கழிச்சு சிவந்து வலிக்குது, கூசுது, கருப்பு முழி மேல வெள்ளையா ஒரு புள்ளி தெரியுதுன்னா அது கருவிழிப் புண். இத ஊருல "பூ விழுந்திருச்சு"ன்னு சொல்லிட்டு தாய்ப்பால் விடுறது, நந்தியாவட்டைச் சாறு பிழியுறது, நாக்கால தூசி எடுக்கச் சொல்றதுன்னு ஒரு வாரத்தை ஓட்டிடுறாங்க, பாட்டிக்குக் கெட்ட எண்ணம் இல்ல, ஆனா அந்தப் புண்ணுக்குள்ள புதுசா கிருமியைத்தான் விடுறோம். கருவிழி மொத்தமே அரை மில்லிமீட்டர் கனந்தான், ஓட்டை விழ நாள் ஆகாது. நம்ம பக்கம் இன்னொரு சிக்கலும் இருக்கு. மதுரைல 1990கள்ல பண்ணுன ஆய்வுல இந்தப் புண்ணுங்கள்ல கிட்டத்தட்ட பாதி பாக்டீரியா, பாதி பூஞ்சைன்னு வந்துச்சு, ரெண்டுக்கும் மருந்து வேற வேற, ஸ்டீராய்டு போட்டா பூஞ்சை உரம் போட்ட மாதிரி வளரும். அதனால புண்ணுல இருந்து துளி சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்புல பாத்துட்டுத்தான் மருந்து ஆரம்பிக்கணும், அந்த வசதி இருக்குற இடமா பாத்துப் போங்க. கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கிட்டே தூங்குற காலேஜ் பசங்களுக்கும் இதே கதைதான், சிவப்பு வந்தா லென்ஸைக் கழட்டிட்டு அன்னைக்கே வாங்க, லென்ஸையும் டப்பாவையும் தூக்கிப் போடாம கொண்டு வாங்க.

கண்ணுக்குள்ள ஏதோ பட்டிருச்சு

சுண்ணாம்பு, ஆசிட், ஃபினாயில், பேட்டரித் தண்ணி எதுவா இருந்தாலும் ஆஸ்பத்திரி ரெண்டாவது, தண்ணி மொதல்ல. குழாயடிக்குப் போய் இமையை விரிச்சுப் பிடிச்சு 20 நிமிஷத்துக்குக் குறையாம கழுவுங்க, கடிகாரம் பாத்து, ஏன்னா பதட்டத்துல 2 நிமிஷமே 20 நிமிஷம் மாதிரி இருக்கும். நல்ல தண்ணிதான் வேணும்னு தேடி ஓடாதீங்க, கையில இருக்குற தண்ணி போதும். ஆசிட்டை விட சுண்ணாம்பு மோசம், ஆசிட் பட்ட இடத்துல திசுவைக் கெட்டியாக்கி அதுவே ஒரு தடுப்பா நின்னுரும், சுண்ணாம்பு கரைச்சுக்கிட்டே உள்ள போகும், இமைக்கு அடியில ஒட்டிக்கிட்டு மணிக்கணக்குல வேலை செய்யும். வெத்தலைக்கு வெச்சிருக்குற சுண்ணாம்பு டியூபைக் குழந்தை பிதுக்கி விளையாடி நேரா முகத்துல பீச்சிடுது, தாத்தா பாட்டி இருக்குற வீட்டுல அந்த டியூபைக் குழந்தைக்கு எட்டாத எடத்துல வைங்க.

வெல்டிங் பாத்துட்டு வீட்டுக்கு வந்து தூங்குனா ராத்திரி மணல் கொட்டுன மாதிரி ரெண்டு கண்ணும் எரியும், தண்ணி கொட்டும். அது கருவிழி மேல்தோல் வெந்துபோனது, ஒண்ணு ரெண்டு நாள்ல ஆறிடும், ஒருக்கா காட்டிக்கிட்டா போதும். கிரைண்டிங்ல பொறி பறந்து உறுத்துனா நண்பன்கிட்ட குண்டூசியக் குடுத்து எடுக்கச் சொல்லாதீங்க, பட்டறைல இது தினமும் நடக்குது.

சுத்தியலால உளி அடிக்கிறப்ப "டக்"குன்னு ஏதோ பட்டுச்சு, இப்ப வலி அவ்வளவா இல்லங்கறதுதான் என்னைப் பயமுறுத்துற வரி. வேகமா வந்த இரும்புத் துணுக்கு சின்னதா துளைச்சு உள்ள போயிருந்தா வெளிய ஒண்ணுமே தெரியாம இருக்கலாம். கழுவாதீங்க, தேய்க்காதீங்க, அழுத்தாதீங்க, ஒரு பேப்பர் கப்பைக் கண்ணு மேல படாம கவுத்து ஒட்டிக்கிட்டு நேரா ஆஸ்பத்திரி. டாக்டர்கிட்ட இரும்பு வேலைன்னு சொல்லுங்க, சிடி ஸ்கேன்ல பாப்பாங்க, எம்ஆர்ஐ எடுத்தா காந்தம் அந்தத் துணுக்கை உள்ளயே இழுத்துரும்.

தலைவலி, வாந்தி, ஒரு கண்ணு மங்கல்

பாதி ராத்திரி ஒரு பக்கம் தலை வெடிக்குது, வாந்தி, பல்பைச் சுத்தி வானவில் வளையம் தெரியுது. நேரா கேஸுவாலிட்டி போவாங்க, மைக்ரேன் இல்லன்னா வயித்துல கேஸ்னு ஊசி போட்டு அனுப்பிடுவாங்க, கண்ணு சிவந்ததை அழுததால வந்ததுன்னு நினைச்சுக்குவாங்க. டார்ச் அடிச்சுப் பாருங்க, வலிக்குற கண்ணுல பாப்பா (நடுவுல இருக்குற கருப்பு வட்டம்) பெருசா இருந்து வெளிச்சத்துக்குச் சுருங்கலன்னா, கருப்பு முழி மூச்சுக்காத்து பட்ட கண்ணாடி மாதிரி புகையா இருந்தா அது கண்ணுக்குள்ள தண்ணி வெளியேறுற மூலை டக்குன்னு அடைச்சிக்கிட்டது, கிளாக்கோமாவுலயே வலியோட வர்ற வேற வகை, பிரஷர் 50, 60ன்னு போகும், நேரம் ஆக ஆக நரம்பு செத்துக்கிட்டே இருக்கும். விடியட்டும்னு இருக்காதீங்க. மாத்திரை, சொட்டு போட்டு எறக்கிட்டு லேசர்ல சின்ன ஓட்டை போடுவாங்க, அடுத்த கண்ணுக்கும் சேத்து, ஏன்னா ரெண்டு கண்ணோட அமைப்பும் ஒண்ணுதான். கிளாக்கோமா பிரஷரைக் குறைக்க ஒரு காலத்துல உலகம் பூரா பேர் வாங்குன ஒரு ஆப்பரேஷனை, 1819ல ஆரம்பிச்ச நம்ம எழும்பூர் கண்ணாஸ்பத்திரியில வேலை பாத்த எலியட்ங்கற டாக்டர்தான் 1909ல வெளியிட்டார், அதை நினைச்சா எனக்கு எப்பவும் ஒரு பெருமை.

மின்னல், கொசு, திரை

கண்ணு முன்னாடி கொசு, நூல், சிலந்தி வலை பறக்குற மாதிரி இருக்கு, வருஷக்கணக்கா அப்படியேதான் இருக்குன்னா பரவால்ல, அது உள்ள இருக்குற ஜெல்லி சுருங்கி நிழல் விழுறது. திடீர்னு ஒரே நாள்ல மழையா கொட்டுன மாதிரி வந்துச்சு, இருட்டுல ஓரத்துல மின்னல் வெட்டுது, ஒரு பக்கத்துல இருந்து திரை இறங்குதுன்னா அன்னைக்கே பாப்பாவை விரிய வெச்சு உள்ள பாக்கணும். ஜெல்லி இழுத்து விழித்திரை கிழிஞ்சிருக்கலாம். கிழிசலோட நின்னா லேசர் போட்டு ஒட்டி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, கிழிசல் வழியா தண்ணி பூந்து விழித்திரை சுவத்துப் பெயின்ட் மாதிரி உரிஞ்சிருச்சுன்னா பெரிய ஆப்பரேஷன், நடுப்பகுதியும் உரிஞ்சிட்டா முழுப் பார்வை கிடைக்கிறது கஷ்டம். மைனஸ் 6க்கு மேல பவர் இருக்குறவங்க, புரை ஆப்பரேஷன் ஆனவங்க, கண்ணுல அடிபட்டவங்க இன்னும் உஷாரா இருக்கணும்.

வலியே இல்லாம ஒரு கண்ணு பட்டுனு கருப்பாயிடுச்சுன்னா, அஞ்சு நிமிஷத்துல திரும்ப வந்துட்டா கூட, அது கண்ணுக்கு வந்த பக்கவாதம் மாதிரி. விழித்திரைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சா சில மணி நேரந்தான் தாங்கும். மூளைக்கும் இதயத்துக்கும் கூட அது எச்சரிக்கை, அதனால எமர்ஜென்சி இருக்குற பெரிய ஆஸ்பத்திரிக்கே போங்க.

கொஞ்சம் கொஞ்சமா மங்குது

40 தாண்டினதும் பேப்பரைக் கை நீட்டித் தள்ளிப் பிடிச்சா சாளேஸ்வரம், அவ்ளோதான், கண்ணாடி போடுங்க, போட்டா பவர் ஏறிடும்னு பயப்படாதீங்க, போட்டாலும் போடலைன்னாலும் 60 வயசு வரைக்கும் ஏறத்தான் செய்யும்.

ராத்திரி எதிர் வண்டி லைட்டு சிதறுது, வெயில்ல மங்கல், பவர் அடிக்கடி மாறுதுன்னா புரையா இருக்கலாம். சில பேருக்குக் கண்ணாடி இல்லாமலே திடீர்னு பேப்பர் படிக்க வரும், பாட்டிக்குக் கண்ணு திரும்ப வந்திருச்சுன்னு வீடே சந்தோஷப்படும், லென்ஸ் கெட்டியாகி மைனஸ் பக்கம் போயிருக்கும், புரையோட ஆரம்பம். "பழுக்கட்டும்"னு காத்திருக்குறது அந்தக் காலத்து ஆப்பரேஷனுக்குச் சொன்னது. அப்ப லென்ஸை முழுசா எடுத்துட்டு பிளஸ் 10ல சோடாபுட்டி கண்ணாடி குடுப்பாங்க. 1992ல மதுரைல ஆரோலேப்ங்கற நிறுவனம் உள்ளுக்கு வைக்கிற லென்ஸைக் குறைஞ்ச விலைல செய்ய ஆரம்பிச்சதுக்கப்புறம் ஏழைங்களுக்கும் அது கிடைச்சுது. இப்ப 3 மில்லிமீட்டருக்குள்ள துளை போட்டு முடிக்கிறாங்க, ரொம்ப முத்தவிட்டாத்தான் கல்லு மாதிரி ஆகி ஆப்பரேஷன் கஷ்டமாகும், பிரஷரும் ஏறும்.

சர்க்கரை இருக்குறவங்களுக்கு ரெண்டு விஷயம். சர்க்கரை ஏறி இறங்குனா லென்ஸ் ஊதி பவரும் ஆடும், கட்டுக்குள்ள வந்து ஒரு மாசமாச்சும் ஆனப்புறம் கண்ணாடி வாங்குங்க, இல்லன்னா காசு வீண். ரெண்டாவது, விழித்திரையில ரத்தம் கசியுறது ரொம்ப நாளைக்குப் பார்வையில தெரியவே தெரியாது, மூடிப் பாக்குற டெஸ்ட்லயும் மாட்டாது, அதுக்கு வருஷம் ஒரு தடவை சொட்டு விட்டு உள்ள பாக்குறதைத் தவிர வழியில்ல. நடுவுல நேர்க்கோடு வளைஞ்சு தெரிஞ்சா, பாத்ரூம் டைல்ஸ் கோட்டைப் பாத்தாலே தெரியும், அது விழித்திரையோட நடுப்புள்ளி, ஒரு வாரத்துக்குள்ள காட்டணும்.

ரெட்டையா தெரியுது

ஒரு கண்ணை மூடுங்க. மூடியும் ரெட்டையா இருந்தா அது திறந்திருக்குற கண்ணோட பவரோ புரையோ, அவசரம் இல்ல. எந்தக் கண்ணை மூடுனாலும் ஒண்ணாயிடுச்சுன்னா ரெண்டு கண்ணும் ஒரு பக்கமா பாக்கல, அசைக்குற நரம்பு அடிவாங்கியிருக்கு, சர்க்கரை பிபி உள்ளவங்களுக்கு வரும், பெரும்பாலும் சில மாசத்துல சரியாகும், ஆனாலும் அன்னைக்கே காட்டணும். கூடவே இமை தொங்கி, பாப்பா பெருசாகி, தலைவலியும் இருந்தா மூளை ரத்தக்குழாய் வீங்கி நரம்பை அழுத்தலாம், ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க.

எரிச்சல், தண்ணி, கட்டி, துடிப்பு

ஸ்கிரீன் பாக்குறப்ப நாம கண்ணு சிமிட்டுறது பாதிக்கும் கீழ போயிடும், காஞ்சு எரியும், எரிச்சலுக்குத் தண்ணியும் கொட்டும், அதனால தண்ணி வருதே எப்படி காஞ்சிருக்கும்னு கேக்காதீங்க. ஏசி காத்து முகத்துல படாம உக்காந்து, அப்பப்ப 20 அடி தூரத்தைப் பாத்து, வேணும்னே சிமிட்டுங்க. ஒரு கண்ணுல மட்டும் எப்பவும் தண்ணி, மூக்கோரத்துல அழுத்துனா சீழ் வருதுன்னா கண்ணீர்க் குழாய் அடைப்பு. கண்கட்டிக்கு நாமக்கட்டி வெளிய போடுறதால கெடுதல் இல்ல, ஆனா வேலை செய்யுறது வெதுவெதுப்பான ஒத்தடந்தான், ஒரு நாளைக்கு 4 தடவை, 10 நிமிஷம், பிதுக்கக் கூடாது. இமை துடிக்குறதுக்குத் தூக்கம் போதும்.

குழந்தைங்க

மாறுகண் அதிர்ஷ்டம் கிடையாது. 4 மாசத்துக்கு மேலயும் கண்ணு விலகிப் பாத்தா காட்டுங்க. ஃபிளாஷ் போட்டு எடுத்த ஃபோட்டோவுல ஒரு கண்ணு சிவப்பாவும் ஒண்ணு வெள்ளையாவும் மின்னுனா அந்த வாரமே காட்டுங்க, விழித்திரைப் புற்றுநோயா இருக்கலாம், சீக்கிரம் கண்டுபிடிச்சா உயிரையும் காப்பாத்தலாம், பல நேரம் கண்ணையும். 34 வாரத்துக்கு முன்னாடியோ 2 கிலோவுக்குக் கீழயோ பொறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள்ள விழித்திரை பாத்தே ஆகணும், ரொம்ப சின்னக் குழந்தைன்னா அதுக்கும் முன்னாடி. இன்குபேட்டர்ல இருந்து வந்த சந்தோஷத்துல இது மறந்தே போகுது.

பேசத் தெரியாத குழந்தைக்கும் அதே மூடிப் பாக்குற டெஸ்ட்தான். விளையாடிட்டு இருக்கும்போது ஒரு கண்ணை மெதுவா மறைங்க, கண்டுக்காம விளையாடுனா சரி. ஒரு கண்ணை மறைச்சா மட்டும் அழுது கையைத் தட்டி விட்டுச்சுன்னா, மறைக்காத கண்ணுல அதுக்குத் தெரியல. ஒரு கண்ணுல பவர் இருந்து கவனிக்காம விட்டா மூளை அந்தக் கண்ணை ஒதுக்கி வெச்சிடும், 7, 8 வயசுக்குள்ள கண்ணாடி போட்டு நல்ல கண்ணை தினம் சில மணி நேரம் மூடி வெச்சா திரும்பப் பழகிக்கும், அதுக்கப்புறம் ரொம்பக் கஷ்டம்.

செக்கப்புக்குப் போறப்ப பழைய கண்ணாடி, போட்டுக்கிட்டிருக்குற எல்லா சொட்டு மருந்து பாட்டிலும், சர்க்கரை பிபி சீட்டும் கொண்டு போங்க. பாப்பாவை விரிய வைக்க சொட்டு விட்டா 4ல இருந்து 6 மணி நேரம் கிட்டத்துல மங்கும், வெளிச்சம் கூசும், அதனால பைக்கை வீட்டுலயே விட்டுட்டு கூட ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போங்க.